புள்ளிக்குள் மறையும் காலம்

இத்தாலிய நூலொன்றில் சீசர் கொலையுண்ட ஆண்டு '44 ஏ.சி.' என்றிருந்தது. 'கி.பி.தானே ஐயா?' என்றார் எம் போளூர் மாணவர். அல்ல. ஆங்கிலப் பழக்கத்தில் 'ஆஃப்டர்' என்று தோன்றும் அவ்வெழுத்து, இத்தாலியத்தில் 'அவான்தி', அதாவது 'முன்'. 'பின்' என்பதற்கு அங்கே 'டி.சி.' ஓரெழுத்து மயக்கத்தில் சீசர் 87 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்துவிடுகிறார்!

நகைக்கும் தகுதி நமக்குண்டா? கி.மு., பொ.ஆ.மு., பொ.யு.மு. மூன்றும் ஒரே கணக்கே. மாணவரோ மூன்று காலங்கள் என மருள்கிறார். திருவள்ளுவராண்டு மட்டுமே 31 ஆண்டு வேறுபடுவது. 'தி.மு.' என்றெழுதினாலோ கட்சிப் பெயரில் ஓரெழுத்து விடுபட்டது என்கிறார்.

எச்சுருக்கம் சிறந்தது என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். கட்டுரையாளர்கள் முதலிடத்திலேனும் அதனை விரித்தெழுதுதல் வேண்டும். சங்ககாலத்தின் தொன்மை பேசுவோர்க்கு அது கடமை என்பதே எம் கருத்து.