பாட்டிக்குக் கொடுத்த கைப்பேசி

பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் புதிய கைப்பேசி வாங்கினேன். நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய பழையதைப் பாட்டியிடம் கொடுத்தேன். சென்ற மாதம் பார்த்தபோது அதன் திரை ஒருபக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. “கீழ விழுந்ததுல இப்படி ஆயிடுச்சுப்பா” என்றார் பாட்டி. ரப்பர் வளையம் மாட்டி, தலையணைக்குப் பக்கத்திலேயே மின்னேற்றமும் செய்துவந்திருக்கிறார்!

உண்மையில் வீங்கியிருந்தது உள்ளே இருந்த மின்கலன். லித்தியம் அயன் மின்கலன் பழையதாகும்போது அதிலுள்ள வேதிப்பொருள் சிதைந்து வாயு உருவாகலாம். அதை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றக்கூடும். சாதாரணக் குப்பையில் போட்டால் குப்பை லாரியிலும் தீ மூளலாம். உடனே மின்னேற்றத்தை நிறுத்தி, கைப்பேசியை அணைத்து, பழுதுபார்க்கும் கடையில் ஒப்படைத்தேன்.

பழைய கைப்பேசியைப் பெரியவர்களுக்குக் கொடுப்பதைச் சிக்கனம் என்கிறோம். மின்கலனை மாற்றாமல் கொடுத்தால், நாம் மிச்சப்படுத்திய பணத்துக்கான ஆபத்து அவர்கள் தலைமாட்டில் இருக்கிறது. இளையர்களே, கைமாற்றும் முன் மின்கலனை மாற்றுங்கள். கொடுத்த பிறகும், பார்க்கப் போகும்போதெல்லாம் திரையோரத்தில் இடைவெளி தெரிகிறதா, பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். பாட்டிக்கு அது விழுந்த அடியாகத் தெரியலாம். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.