பழைய புத்தகத்தில் ஓவியம்: கத்தரியை எடுக்கும் முன் 3 கேள்விகள்

அச்சிட்ட பக்கத்தில் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் வண்ணம் பூசி மறைப்பார்கள். சிலர் பக்கங்களை வெட்டி உருவம் செதுக்குவார்கள். சமூக ஊடகத்தில் நீங்களும் பார்த்திருப்பீங்க.

புத்தகம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள் நாம். அதை வெட்டுவது கலையா, சேதமா?

இதில் பெயர் பெற்றவர் பிரிட்டிஷ் ஓவியர் டாம் ஃபிலிப்ஸ். 1966இல் லண்டனில் 3 பென்ஸுக்கு ஒரு பழைய நாவலை வாங்கினார். 1892இல் வெளிவந்து, பெரும்பாலும் மறக்கப்பட்ட கதை. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் வரைந்து, மிச்சம் விட்ட சொற்களால் 'எ ஹியூமுமென்ட்' என்ற புதிய நூலை உருவாக்கினார். 2016இல் வந்த கடைசிப் பதிப்புவரை பக்கங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனா, முதல்ல இதைக் கேளுங்க.

1. அந்தப் பிரதி அரியதா?

நூலகப் புத்தகத்தில் கைவைக்கவே கூடாது. தாத்தாவின் அலமாரியில் இருப்பதும் யோசிக்க வேண்டியதே. சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பல குறைந்த பிரதிகளே அச்சாகின. தேசிய நூலக வாரியத்தின் புக்எஸ்ஜி தளத்தில் மின்பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், உங்களிடம் இருப்பது கடைசிச் சில பிரதிகளில் ஒன்றாக இருக்கலாம். அதை விட்டுடுங்க.

2. சொற்கள் யாருடையவை?

புத்தகத்தை வாங்கினால் காகிதம்தான் உங்களுடையது, எழுத்து அல்ல. சிங்கப்பூரில் பதிப்புரிமை பொதுவாக எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுகள்வரை நீடிக்கும். பாரதியார் மறைந்தது 1921இல். அதனால் அவர் கவிதைகளில் கவலை இல்லை. ஆனால் புதிய பதிப்பில் இருக்கும் ஓவியமும் உரையும் வேறொருவருடையதாக இருக்கலாம்.

இன்றைய எழுத்தாளரின் நூல் என்றால்? எவ்வளவு எடுத்தீர்கள், எப்படி மாற்றினீர்கள், மூல நூலின் விற்பனையைப் பாதிக்குமா என்பதைப் பொறுத்து, சட்டம் அதை நியாயமான பயன்பாடாக ஏற்கலாம். விற்கும் எண்ணம் இருந்தால் அனுமதி கேட்பதே நல்லது.

3. யார் பெயரைப் போடுவது?

2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது பொதுவாகப் படைப்பாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஆனால் பெயர் மட்டும் போதாது. நீங்கள் மிச்சம் விட்ட நாலு சொல், அவர் சொல்லவே சொல்லாத கருத்தாக மாறலாம். படத்தைப் பார்ப்பவர் அவர்தான் சொன்னார்னு நம்பிடுவார். "இன்னாரின் நூல், மாற்றியது நான்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பெரிய நூலே வேண்டும் என்றில்லை. நேற்றைய நாளிதழும் ஒரு மார்க்கர் பேனாவும் போதும்.