கணையாழியும் கைப்பணமும்

கல்யாணப் பேச்சு முடிந்த மறுநாளே மோதிரப் பேச்சு தொடங்கிவிடுகிறது. தலைநகரில் தங்கி ஆராய்ச்சி செய்யும் நம் தமிழ் நண்பர்களிடையே இந்த ஓராண்டில் மட்டும் நான்கைந்து நிச்சயதார்த்தங்களைக் கண்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதலில் எழுந்த கேள்வி, "எத்தனை பவுன்?" என்பதே. மோதிரம் எப்படி இருக்க வேண்டும், யார் விரலுக்கு, எந்த வேலைக்கு நடுவே அணிவதற்கு என்று கேட்டவர் ஒருவரும் இலர்.

கேள்வி சிறியது போலத் தோன்றலாம். அதன் பின்னே இருப்பது கடன். நம்மில் தகுதித் தேர்வில் வென்றவர்க்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அந்தத் தேர்வின் உதவி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்பவர்க்கோ 8,000 ரூபாய்தான். அதில் உணவு விடுதிக் கட்டணம், நூல், ஊருக்குப் போகும் ரயில் சீட்டு எல்லாம் அடக்கம். இந்த நிலையில் ஒருவர் ஒன்றரை லட்ச ரூபாய்க்குத் தவணையில் மோதிரம் வாங்குவதை அன்பின் அடையாளம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் ஊர்களில் நிச்சயம் என்பது வெற்றிலை பாக்கு மாற்றுவது, தாம்பூலமே சாட்சி. அங்கே வைர மோதிரம் வந்து உட்கார்ந்ததற்கு வியாபாரமும் ஒரு காரணம். வைரம் என்றென்றும் நிலைப்பது என்னும் பொருள்பட்ட புகழ்பெற்ற விளம்பர வாசகம் 1947-இல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக எழுதப்பட்டது. எழுதியவர் பிரான்சிஸ் ஜெரட்டி என்ற அமெரிக்கப் பெண்மணி. பின்னர் 1980-களில் அதே நிறுவனம், இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்கு ஒதுக்குவதே முறை என்று ஆடவருக்கு உபதேசம் செய்தது. அந்த உபதேசத்தையே வேதவாக்காகக் கொண்டாலும் நம் எண்ணாயிரத்து நண்பருக்கு வரும் கணக்கு 16,000 ரூபாய்! அதற்குமேல் செலவழிக்கச் சொல்லி எந்த விளம்பரமும் அவரை வற்புறுத்தவில்லை. அத்தையும் சித்தப்பாவும்தான் வற்புறுத்துகிறார்கள்.

ஆகவே கடையில் பளபளப்பதை வாங்குவதைவிட, கைக்கு அடங்கிய தொகையை முதலில் முடிவு செய்து, அதற்குள் ஒரு மோதிரத்தைச் செய்விப்பதே மேல் என்பது என் கருத்து. செய்விப்பது பணக்காரர் வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். நம் பாட்டிமார் காலத்தில் ஊர்ப் பத்தரிடம் சொல்லித்தான் எல்லாரும் செய்துகொண்டார்கள்; ஆயத்த நகைதான் புதிது. இங்கே கரோல் பாக்கின் சந்துகளில் வங்காளத்திலிருந்து வந்த கைதேர்ந்த தொழிலாளர்கள் எத்தனையோ பேர் இருக்கின்றனர். பெரிய கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவற்றிலும் அத்தகையோர் கைவேலை உண்டு.

பொன்னின் கணக்கைப் பார்ப்போம். 2025-இல் பத்து கிராம் பசும்பொன் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. கணக்கின் வசதிக்காக ஒரு கிராம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். மூன்று கிராம் மோதிரத்தை 22 காரட்டில் செய்தால் பொன்னுக்கு மட்டும் ஏறத்தாழ 33,000. 18 காரட்டில் 27,000. அதே அளவு மோதிரம் 18 காரட்டில் எடையும் சற்றுக் குறையும், ஆதலால் மிச்சம் இன்னும் கூடும். "பதினெட்டா? அது மாற்றுக் குறைந்ததாயிற்றே!" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கல் பதிக்க அதுவே ஏற்றது. 22 காரட் மென்மையானது. கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய கால்கள் நாளடைவில் வளைந்து கல் கழன்றுவிடும். ஆய்வுக்கூடத்தில் கையுறை மாட்டிக் கழற்றும் பெண்ணுக்குக் கால்களே வேண்டாம். கல்லைச் சுற்றிப் பொன் விளிம்பு கட்டித் தாழப் பதிக்கச் சொல்லலாம்.

கூலியில்தான் நம்மவர் ஏமாறுகின்றனர். செய்கூலி, சேதாரம் இரண்டையும் பொன் விலையில் நூற்றுக்கு இத்தனை என்று வாங்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. பொன் விலை இரு மடங்கானால் கூலியும் இரு மடங்காகிறது. பத்தர் ஊதும் ஊதுகுழல் என்ன இரு மடங்கா நீண்டது? உயரும் தொகை அவர் கைக்குப் போய்ச் சேரும் என்பதற்கும் உறுதி இல்லை. கூலியை ரூபாயில் சொல்லும்படி கேளுங்கள். கல்லின் எடையைக் கழித்தபின் பொன்னை நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு காரட் கல் என்பது 0.2 கிராம், அதைப் பொன் விலைக்கு வாங்கினால் மேற்சொன்ன கணக்கில் 2,400 ரூபாய் தண்டம். தங்க மாற்றைச் சொல்லும் காரட்டும் கல்லின் எடையைச் சொல்லும் காரட்டும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

வைரம்தான் வேண்டும் என்றால் ஆய்வுக்கூட வைரம் இருக்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் 1954-இல் செய்துகாட்டிய வித்தை இன்று சூரத்தில் தொழிலாகிவிட்டது. அதுவும் கரிதான், சுரங்க வைரமும் கரிதான். வெறுங்கண்ணுக்கு வேற்றுமை தெரியாது, விலையிலோ பெரிய வேற்றுமை. திரும்ப விற்றால் காசு வராதே என்பர். நிச்சய மோதிரத்தை விற்கும் நோக்கத்தோடா வாங்குகிறோம்? என் விருப்பத்தைக் கேட்டால் வைரமே வேண்டாம் என்பேன். கொங்கு நாட்டுக் காங்கேயம், கரூர்ப் பக்கத்து மண்ணில் நிலாக்கல் கிடைக்கிறது. அந்தப் பக்கத்துக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணிக்கல் பட்டை தீட்டியதற்கு அகழாய்வுச் சான்று இருக்கிறது. நிலாக்கல் வைரம் போல் கடினமானது அன்று, கீறல் விழும். அதனால்தான் விளிம்பு கட்டிப் பதிக்கச் சொல்கிறேன்.

வீட்டில் அறுந்த தோடோ நெளிந்த மோதிரமோ இருந்தால் அதையே உருக்கச் சொல்லலாம். கண்முன் நிறுத்து, மாற்றுப் பார்த்து, எடையைச் சீட்டில் எழுதி வாங்கிய பிறகே உருக்க விட வேண்டும். புதிதாக வாங்கும் நகைக்கு 2021 சூனிலிருந்து படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் ஆறெழுத்து எண் கொண்ட அடையாளமும் இருந்தாக வேண்டும். ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மெல்லிய மோதிரம் செய்விப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். முத்திரை இல்லாத இடத்தில் மாற்றை நாமே சோதனை மையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றில் என் நண்பர்களோடு எனக்கு நீண்ட நாள் வழக்கு. மணமகளுக்குத் தெரியாமல் மோதிரம் செய்து திடீரென நீட்டுவதே இன்பம் என்பது அவர்கள் கட்சி. சகுந்தலையின் மோதிரம் விரலிலிருந்து நழுவி மீன் வயிற்றுக்குள் போயிற்று. விரல் அளவு கேளாமல் செய்ததுதானோ என்று எனக்கு ஐயம்! அணியப் போகிறவளைக் கேட்டால் என்ன? அவளும் உதவித்தொகை பெறுகிறாள். அவன் விரலுக்கும் மோதிரம் உண்டு. இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து, இரண்டு மோதிரத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், பெரியவர்களிடம் அந்தத் தாளைக் காட்ட ஒருவருக்கு இருவராகத் துணிவு வரும். கைப்பணத்தைப் பற்றி வெட்கமின்றிப் பேசத் தெரியாத இருவர், வாடகையையும் மளிகையையும் பற்றி எப்போது பேசப் போகிறார்கள்?

அளவெடுப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். தில்லியின் தை மாதக் குளிரில் சுருங்கிய விரல் மதுரை வெயிலில் பருத்துவிடும். நூலைச் சுற்றி அளப்பதைவிட, பொருந்திய பழைய மோதிரம் ஒன்றின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பது பிழையற்றது. வளையம் முழுதும் கல் பதித்தால் பின்னால் பெரிதாக்குவது கடினம். அடிப்பாகத்தை வெறும் பொன்னாக விடச் சொல்லுங்கள். வார்ப்பதற்கு முன் மெழுகு அச்சைக் காட்டும்படி கேட்டு, விரலில் இட்டுப் பாருங்கள். முகூர்த்த மாதங்களில் பட்டறையில் மூச்சுவிட நேரமிராது. ஆறு வாரம் முன்னதாகச் சொல்லி வைத்தால்தான் ஊருக்கு ரயில் ஏறும் நாளில் மோதிரம் கையில் இருக்கும்.