ஏ.ஜி. ஆபீஸிலிருந்து ஒரு டைரக்டர்

சாயங்காலம் ஐந்து மணிக்கு பைலை மூடிவிட்டு நாடக ஒத்திகைக்கு ஓடிய குமாஸ்தாக்கள் ஒரு காலத்தில் சென்னையில் எத்தனையோ பேர்! அவர்களில் ஒருவர்தான் கே. பாலசந்தர். 1930-ல் நன்னிலத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்று, முத்துப்பேட்டையில் வாத்தியாராக இருந்து, பிறகு சென்னை ஏ.ஜி. ஆபீஸில் சேர்ந்தவர். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' எல்லாம் அந்த உத்தியோக நாட்களில் மேடை ஏறியவை. 1964-ல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம்; மறு வருஷமே 'நீர்க்குமிழி'யில் டைரக்டர்.

நாடகக்காரருக்குச் சிக்கனம் தெரியும். 'நீர்க்குமிழி'யில் ஓர் ஆஸ்பத்திரிதான் உலகம். 'எதிர் நீச்சல்' (1968) படத்தில் இருமல் தாத்தாவைப் பார்த்தவர் உண்டா? இருமல் சத்தம் மட்டுமே கேட்கும். ஆனாலும் அவர் முகம் நம் மனசில் பதிந்துவிட்டது. நடிகருக்குச் சம்பளமும் மிச்சம்!

ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்கு அவர் நெருக்கமானது 1974-ல், 'அவள் ஒரு தொடர்கதை'யில். அப்பா சந்நியாசியாகப் போய்விட்டார், அண்ணன் குடிகாரன், சம்பாதிக்கிறவள் கவிதா ஒருத்தி. கடைசியில் தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பழையபடி ஆபீஸுக்குக் கிளம்புகிறாள். சுஜாதாவின் அந்த முகத்தை மறக்க முடியுமா?

என் சித்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, முப்பதைத் தாண்டியிருந்தாள். முதல் தேதி சம்பளக் கவரைப் பிரிக்காமல் தாத்தா கையில் கொடுத்துவிடுவாள். மூன்றாம் நாள் பாட்டியிடம், "அவளை எல்லாரும் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள் அம்மா. ஒருத்தராவது 'உனக்குக் காபி கலந்து தரட்டுமா' என்று கேட்டார்களா?" என்றாள். பாட்டி பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் கவர் பிரிக்கப்பட்டிருந்தது.

எனக்கும் பாலசந்தரிடம் ஒரு குறை உண்டு. 'சிந்து பைரவி'யிலும் (1985) பெற்ற பிள்ளையை பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறவள் சிந்துதானே! எப்போதும் பெண்தானா விட்டுக்கொடுக்க வேண்டும்? ஆனால் ஒன்று, அவள் எதை இழக்கிறாள் என்பதை அவர் மறைத்ததில்லை.

தொண்ணூறுகளில் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' என்று டெலிவிஷன் வழியாகக் கூடத்துக்கே வந்துவிட்டார். 2010-ம் வருஷத்து பால்கே விருது பெற்று, 2014 டிசம்பரில் காலமானார்.

2003-ல் 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சியாக 'சஹானா' தொடர் ஆரம்பித்தபோது சித்தி பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தாள். "பதினெட்டு வருஷம் கழித்தாவது அந்த வீட்டில் என்ன ஆச்சு என்று விசாரிக்கத் தோன்றியதே இந்த மனுஷருக்கு!" என்று சொல்லி, நாற்காலியை டி.வி. பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காபி நான் கலந்து கொடுத்தேன்.