குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமா?

கடை கட்டி, கல்லாக் கணக்கு முடித்து, சாப்பிட்டுப் படுக்க நம் மளிகை வியாபாரிகளுக்கு இரவு பதினொன்று ஆகிவிடுகிறது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் சரக்கு எடுப்பவர்களும், சேலம் லீ பஜாருக்குக் கொள்முதலுக்குப் போகிறவர்களும் விடியுமுன் எழுந்தாக வேண்டும். கிடைப்பதே ஐந்து மணி நேரத் தூக்கம். அதிலும் பாதி சேதாரமாகப் போனால்?

உரக்கக் குறட்டை விடுபவரைப் பார்த்து, "கொடுத்து வைத்தவர், அசந்து தூங்குகிறார்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். பல நேரங்களில் உண்மை இதற்கு நேர்மாறானது.

தூக்கம் முழுவதும் ஒரே தரத்துச் சரக்கு அல்ல. மேலோட்டமான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் என்று அதற்குப் படிகள் உண்டு. இந்தக் கடைசி வகையை 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் உலகுக்கு அறிவித்தனர். ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். விடியற்காலையில் கனவுத் தூக்கம் அதிகம். உடம்பின் களைப்பு தீரவும், நினைவாற்றல் நிலைக்கவும் இரண்டும் வேண்டும்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. குறுகிய வழியில் காற்று நெருக்கிக்கொண்டு போகையில் சதை அதிர்வதே குறட்டை. வழி அறவே அடைபட்டால் மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்றுவிடும். இரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை விழித்துக்கொண்டு ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. பெரிய செருமலுடன் மூச்சு திரும்புகிறது. பிறகு மீண்டும் தூக்கம், மீண்டும் அடைப்பு. முழு அடைப்பும் பாதி அடைப்பும் சேர்த்து மணிக்கு 5 முறைக்குக் குறைவென்றால் பாதகமில்லை. 30 முறை என்றால் கடுமையான நோய் என்கிறது மருத்துவம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தட்டி எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்துக்கு எங்கே போவது? கனவுத் தூக்கத்தில் தசைகள் இன்னும் தளர்வதால், அப்போது அடைப்பு நீளவும் செய்கிறது. எட்டு மணி நேரம் படுத்தாலும் கணக்கில் வரவு குறைவுதான்.

காலையில் தலைவலி, வறண்ட வாய், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது (இதைச் சர்க்கரை என்று மட்டுமே நினைத்துக்கொள்வார்கள்), மாத்திரைக்கும் அடங்காத இரத்த அழுத்தம், பகல் மூன்று மணிக்குக் கல்லாவிலேயே கண் சொருகுவது ஆகியவை இதன் குறிகள். சில்லறை மாற்றிக் கொடுத்தால் நஷ்டம் சில ரூபாயோடு போகும். அதே கண் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், லோடு வண்டியின் ஸ்டியரிங் பிடித்தபடி சொருகினால்?

இந்தித் திரையிசை அமைப்பாளர் பப்பி லஹரி 2022 பிப்ரவரியில் 69 வயதில் மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் சொன்ன காரணம் இந்தத் தூக்க மூச்சடைப்பு நோய்தான். பெயரே கேள்விப்படாத பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

வழி இல்லாமல் இல்லை. 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன், மூக்கில் பொருத்திய முகமூடி வழியே காற்றை அழுத்தமாகச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் முறையைக் கண்டார். இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை. கருவியின் விலை சிறு கடைக்காரருக்குப் பாரம்தான். ஆனால் எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், இரவு மதுவை விடுவதும் செலவில்லாதவை. தூக்க மாத்திரையைத் தாமாகப் போட்டுக்கொள்வது மட்டும் கூடாது. அது சிலருக்கு மூச்சடைப்பை அதிகமாக்கும்.

நம் சங்கங்கள் மே 5 வணிகர் தினத்தையொட்டி நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறோம். கூடவே ஓர் அளவு நாடா போதும். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ. தாண்டினால், அதாவது சட்டைக் காலர் 16 அங்குலத்துக்கு வந்துவிட்டால், அது ஓர் எச்சரிக்கை. ஒல்லியானவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆகவே நாலைந்து கேள்விகளும் வேண்டும். குறட்டைக்கு ஒரு முகாமா என்று சிலர் சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும். சந்தேகம் உள்ளவர்களைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பும் பொறுப்பைச் சங்கமே ஏற்கலாம். முகாமுக்கு வீட்டம்மாவையும் உடன் அழைத்து வரச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்ற கேள்விக்குப் பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.