முதல் மூடைப் பசளைக்கு முன் மண்ணைக் கேளுங்கள்

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் காலந்தள்ளிய கமக்காரக் குடும்பங்களுக்கும் ஊர்க் காணியில் மீண்டும் தோட்டம் செய்யும் எண்ணம் உண்டு. பற்றை வெட்டிய கையோடு பலர் வாங்குவது பசளை மூடை. 2021ஆம் ஆண்டின் இறக்குமதித் தடைக்குப் பின் அதன் விலை எப்படி ஏறியது என்பதை எல்லோரும் அறிவோம். ஆகவே, வாங்குமுன் மண்ணைப் பரிசோதியுங்கள்.

யூரியாவின் தழைச்சத்து மழையோடு கழுவுண்டு போகும். பொசுபரசு அப்படியல்ல. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் முன்னர் இட்டதில் ஒரு பங்கு இன்னும் மண்ணில் இருக்கலாம். ஆனால் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் நமது செம்மண்ணில் அது சுண்ணாம்போடு கட்டுண்டு விடும். மண்ணில் இருப்பது வேறு, பயிருக்குக் கிடைப்பது வேறு.

கிடைக்கும் பங்கை அளக்க இத்தகைய மண்ணுக்கு ஏற்றது 1954இல் வெளியான ஓல்சன் முறை. அப்பச்சோடாவாக நாம் அறிந்த சோடியம் இருகாபனேற்றின் கரைசலில் மண்ணை அரை மணி நேரம் குலுக்கி, வடிந்த நீரில் பொசுபரசை அளப்பார்கள். ஒரு கிலோ மண்ணில் 10 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பல பயிர்களுக்குப் போதாது எனப் பொதுவாகக் கொள்வர். அமிலக் கரைசல் கொண்டு செய்யும் பிரே முறை இங்கு பிழையாகக் குறைத்துக் காட்டலாம். சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்துவிடும். எனவே அறிக்கையில் எண்ணை மட்டுமன்றி, முறையின் பெயரையும் கேளுங்கள்.

எப்பாவலைப் பொசுபேற்றுத் தூள் மலிவென்று எண்ண வேண்டாம். அது தேயிலை, இறப்பர் விளையும் அமில மண்ணில் மெல்லக் கரையும். சுண்ணாம்பு மண்ணில் பயன் மிகக் குறைவு.

மாதிரி எடுப்பது எளிது. வரம்பையும் எருக்குவியல் கிடந்த இடத்தையும் தவிர்த்து, 10 முதல் 15 இடங்களில் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பொதி செய்யுங்கள். எங்கே அனுப்புவதென விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

மீள்குடியேறுவோருக்குத் தகரமும் விதையும் கோழியும் கொடுக்கும் திட்டங்கள் மண் பரிசோதனையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது தருமமல்ல, கடன்பட்டுத் தொடங்கும் குடும்பத்துக்கு உரிய பாதுகாப்பு. கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் ஒன்றுபட்டுக் கேளுங்கள்.