தீவைத் தாங்கும் உயிர்

விடுமுறைக்கு ஊர் சென்று மீளும் நம்மவர் பெட்டிகளில் முறுக்கும் கருவாடும் மட்டுமா வருகின்றன? இராமேசுவரத்திலிருந்து வெள்ளைப் பவளக் கிளையொன்றும் அலமாரிக்கு அழகாக உடன் வருவதுண்டு. இரயில்வேப் பணியில் மூட்டை முடிச்சுகளோடு பழகும் நாம் இதனை நன்கறிவோம். குழந்தைகள் அதனைக் கல்லென்று எண்ணுகின்றனர். அது கல்லன்று, உயிர்க்கூட்டம் ஒன்று கட்டிய வீடு.

பவளம் மிகச் சிறிய கடலுயிர். கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு சமைக்கிறது. அதன் உடலினுள் நுண்பாசி குடியிருந்து, வெயிலால் உணவாக்கி ஊட்டுகிறது. நீர் மிகச் சூடேறின் பாசி நீங்கும், பவளம் வெளுக்கும், வெப்பம் நீடிப்பின் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் இவ்வாறு நேர்ந்தது.

நம் கொச்சியின் வில்லிங்டன் தீவு, துறைமுகத்திற்காகத் தோண்டிய மண்ணால் மனிதர் ஆக்கியது. அங்கிருந்து கப்பலேறிக் காணும் இலட்சத்தீவுகளோ பவளம் ஆக்கியவை. மண் கொட்டித் தீவு செய்ய மனிதரால் இயலும். பவளத்தீவு செய்ய இயலாது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பவளப் பாறைகள் அவற்றுக்கு அலைதடுக்கும் மதில். அடுத்துள்ள கடற்புல் வெளியே ஆவுளியா என்னும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். சுண்ணாம்புக்காக அம்மதிலைப் பல்லாண்டுகள் வெட்டினர். விளைவு யாது? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. வான் தீவின் பெரும்பகுதியையும் கடல் அரித்தது. அதனைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன.

1986-இல் இத்தீவுகள் கடல் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளம், கடலட்டை, கடற்குதிரை, சில சங்கினங்கள் ஆகியன வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. அதனால் பவளம் வெட்டியும் கடலட்டை பிடித்தும் பிழைத்த கரையோரக் குடும்பங்கள் தொழில் இழந்தன. ஏழையின் அடுப்பை அணைத்துக் காத்த பொருளை, வசதியுள்ள நாம் அலமாரிக்கென விலை கொடுத்து வாங்குதல் முறையோ?

எல்லாச் சங்கும் விலக்கன்று. வழிபாட்டிற்குரிய வெண்சங்கு அப்பட்டியலில் இல்லை. ஆகவே இன்னது இன்னதென்று அறிதலே காத்தலின் முதற்படி. கடைக்காரர் நீட்டும் பொருளின் பெயரைக் கேளுங்கள். பவளக் கிளையும், உலர்ந்த கடற்குதிரையும், பெயர் விளங்காத சங்கும் வேண்டாவென்று கூறுங்கள். கரையிற் கிடப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டிப் பெயர் சொல்லி, கிடந்த இடத்திலேயே விட்டு வாருங்கள்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அம்மண்ணின் அடையாளம் ஒன்று வீட்டில் இருக்கவேண்டும் என்னும் ஆசை இயல்பே. அதற்குப் பனங்கிழங்கும் கருப்பட்டியும் போதும்; அவை மறு ஆண்டும் விளையும். மூழ்கிய தீவு மீண்டும் எழாது.